அக்காவின் பல்லில் படாத தண்ணீர்

முதலில் தெரிந்தது நுரை. கழிவறைப் பீங்கானில் சிறுநீர் விழுந்த இடத்தில் வெள்ளையாக நுரை நின்றது. தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகவில்லை. அம்மாதான் துணி அலசிய சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவாமல் வருகிறாள் என்று நானே முடிவு கட்டினேன்.

"அலசுன தண்ணிய இங்க கொண்டாந்து ஊத்தாதேன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று கத்தினேன்.

"நான் எங்கடி ஊத்துனேன்? மாதா மேல சத்தியமா இல்லடி" என்று அம்மா அழுதாள். எழுபதைத் தாண்டியவள். நான் நம்பவில்லை.

சிறுநீரகம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய புரதம் ஒழுகிப் போனால் சிறுநீர் அப்படி நுரைக்கும். இதைப் படிக்கிற உங்களில் யாராவது இன்று காலையில் அந்த மாதிரி நுரையைப் பார்த்திருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் மேல் பாயாதீர்கள். போய்ச் சிறுநீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் செலின். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஊரில் தனித்தனியாகப் பதில் சொல்லியாயிற்று, இங்கே வேண்டாம். அப்பா இறந்த பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். ஒரே அக்கா, ஜெயராணி, என்னைவிட நான்கு வயது மூத்தவள், கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். எனக்கு வாய் நீளம் என்பார்கள். உண்மைதான். நோய் வந்து என்னைப் பக்குவப்படுத்திவிட்டது என்றெல்லாம் எழுத எனக்கு வராது.

நுரைக்குப் பிறகு கால் வீங்கியது. பக்கத்து டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். கிரியேட்டினின் (தசைகள் கழிக்கும் ஒரு பொருள், சிறுநீரகம் அதை வெளியே தள்ளாவிட்டால் ரத்தத்தில் ஏறும்) கூடியிருந்தது. "கொஞ்சம்தான் டீச்சர், பயப்படாதீங்க. தண்ணி நிறைய குடிங்க" என்றார். நல்ல மனிதர். எல்லா டாக்டரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். நான் அவர் சொன்னதற்கு மேலேயே குடித்தேன். பள்ளிக்கூடத்துத் தண்ணீரில் நம்பிக்கை இல்லாததால், பெரிய பாட்டிலில் வீட்டுத் தண்ணீரையே நிரப்பி எடுத்துப் போனேன்.

அம்மா தன் பங்குக்கு நெருஞ்சில் கஷாயத்தில் இறங்கினாள். எங்கள் பக்கத்தில் சிறுநீரகத்துக்கு என்று யாரைக் கேட்டாலும் நெருஞ்சிலைத்தான் சொல்வார்கள். கஷாயம் என்றால் எட்டில் ஒன்றாகச் சுண்ட வேண்டும். எட்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும்வரை அம்மா அடுப்பைச் சிறு தீயில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள். தினமும். மாதக்கணக்கில். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பேன்.

ஒவ்வொரு பரிசோதனையிலும் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனது.

தஞ்சாவூருக்குப் போனோம். சிறுநீரக மருத்துவர் என்னைவிடச் சின்னவர், அதிகம் பேசாதவர். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, வலி மாத்திரை விழுங்குகிற பழக்கம் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. பயாப்சி (ஊசியால் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். வடிகட்டிய பிறகு உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நுண்குழாய்கள் எனக்குத் தழும்பேறிக் கிடந்தன. ஏன் என்று அந்தத் துணுக்கு சொல்லவில்லை.

"வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க டீச்சர்?" என்றார்.

"எங்க போர் தண்ணிதான் டாக்டர். ரொம்ப நல்ல தண்ணி. டெஸ்ட் எல்லாம் பண்ணியிருக்கோம்."

பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லும்படியான தண்ணீர் அது. கைப்பம்பில் வந்தது உப்புக் கரித்து, பருப்பு வேகாத தண்ணீராகிப்போனபோது, அப்பா ஆழமாகக் குழாய்க் கிணறு போட்டார். அதில் வந்த தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. பருப்பு மலர்ந்து வெந்தது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததால் அப்பா வாசலுக்கு வெளியே ஒரு குழாயும் போட்டுவிட்டார். உப்பு, கடினத்தன்மை, இரும்பு, கிருமி என்று பார்த்த அத்தனை சோதனையிலும் நல்ல தண்ணீர் என்றே வந்தது.

"அந்த டெஸ்ட்டுல எல்லாத்தையும் பாக்க மாட்டாங்க. உலோகங்களையும் பாத்துடலாம்" என்றார் டாக்டர். அவர் சொன்னபடி ஒரு பாட்டில் தண்ணீர் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்குப் போனது. சில நாள் கழித்து, நான் ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் அங்கிருந்து பேசினாள்.

"மேடம், இது தோட்டத்துக்குப் பாய்ச்சுற தண்ணியா, குடிக்கிற தண்ணியா?"

"குடிக்கிறதும்மா. ஏன்?"

"யுரேனியம் இருக்கு மேடம். இருக்கலாம்னு சொல்ற அளவைத் தாண்டி, நிறையவே இருக்கு. ரிப்போர்ட் அனுப்புறேன், டாக்டர்கிட்ட உடனே காட்டிடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தேன். யுரேனியம் கிடைக்கும் இடங்களை இந்திய வரைபடத்தில் குறிக்கச் சொல்லிப் பிள்ளைகளின் காதைத் திருகியவள் நான். என் வீட்டுக் கொல்லையைக் குறிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

யுரேனியம் (மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே இருக்கிற கதிரியக்க உலோகம்) தண்ணீரில் கரைந்து வரக்கூடியது என்று டாக்டர் விளக்கினார். அதற்கு ருசி இல்லை, மணம் இல்லை, நிறம் இல்லை. குடிக்கிற தண்ணீரில் வரும்போது கதிரியக்கத்தைவிட, உலோகம் என்கிற முறையில் அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுப்பதுதான் பெரிய கவலை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இது சாகாது. தண்ணீர் ஆவியாகும், இது தங்கும்.

"கொதிக்கவச்சுக் குடிச்சீங்களா?" என்றார்.

"கஷாயம் வச்சுக் குடிச்சேன். எட்டுல ஒண்ணா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். "நான்தான் காய்ச்சிக் குடுத்தேங்கய்யா" என்றாள். அவர் அவளைப் பார்த்து, "அதனால ஒண்ணும் ஆகிடல பாட்டி, நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. அம்மா திருத்துறைப்பூண்டி வரும்வரை பஸ்ஸில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள்.

"அப்ப இந்தத் தண்ணிதான் காரணம்னு எழுதிக் குடுங்க டாக்டர்" என்று அடுத்த முறை போய்ச் சண்டை பிடித்தேன். "சந்தேகப்படலாம் டீச்சர். இதுதான்னு என்னால எழுத முடியாது. இதே தண்ணிய குடிச்சு நல்லா இருக்குறவங்களும் உங்க தெருவுல இருப்பாங்கல்ல?" என்றார். இருக்கிறார்கள். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். இன்றுவரை எனக்கு என்ன வந்தது என்பதற்கு, காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய் என்றுதான் பெயர்.

செய்தி ஊரில் பரவியதும் ஒரு போராட்டக் குழுத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தான். பூமியைத் துளைக்க வந்தவர்கள் மேல் டெல்டாவில் எங்களுக்கு ஏற்கெனவே கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. "எண்ணெய் எடுக்குறவன் வேலைதானேக்கா? நீங்க மட்டும் மேடையேறிப் பேசுங்க, பாத்துக்கலாம்" என்றான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒருத்தனைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று உடம்பு துடித்தது. நிலத்தடி நீர் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எங்கள் கிணறு போய்த் தொட்டிருக்கிற பழைய மணல் அடுக்கிலேயே அது இருக்கிறது, எந்தக் கம்பெனியும் கொண்டுவந்து கொட்டவில்லை என்றார். தம்பியிடம் சொன்னேன். "ஓ, இயற்கையாவே வர்றதாக்கா?" என்றான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனவன்தான், பிறகு வரவில்லை. இயற்கையை எதிர்த்து யார் மறியல் செய்வார்கள்?

வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினேன், வாசல் குழாயை மூடினேன். ஏன் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "டீச்சருக்குக் கரண்ட் பில்லு கசக்குது, அதுக்கு ஒரு கதை" என்றார்கள். எதிர்வீட்டு லூர்து என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "இத்தனை வருஷம் குடிச்சோமே, நாங்க என்ன செத்தா போய்ட்டோம்?" செத்துப்போகக் கூடாது என்றுதானடி சொல்கிறேன் என்று கத்தினேன். அதன்பிறகு பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் ஒரு கிணற்றைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், பக்கத்துக் கிணறு எப்படியோ. உங்கள் வீட்டில் ஆழ்குழாய் இருந்தால் அதையும் ஒருமுறை உலோகங்களுக்காகச் சோதித்துவிடுங்கள். என் மேல் கோபப்பட்டுக்கொண்டே சோதித்தாலும் சரி.

இதற்குள் என் சிறுநீரகங்கள் படுத்துவிட்டன. டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப ஏற்றுவது) ஆரம்பித்தது. இடக்கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்து, தடித்த ஊசி ஏற்றத் தோதாகச் செய்யும் சிறு அறுவை) போட்டார்கள். அந்த இடத்தைத் தொட்டால் மாவு மில் ஓடுகிற மாதிரி அதிரும். வாரத்தில் மூன்று நாள் திருவாரூர். கரும்பலகையில் எழுதக் கை தூக்க முடியாமல் நீண்ட விடுப்பு எடுத்தேன்.

டயாலிசிஸில் யாரும் முன்கூட்டிச் சொல்லாதது தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். சாம்பாரில் இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துப் படுக்கைக்காரர் ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பார். இத்தனைக்கும் அந்த இயந்திரத்துக்கு மட்டும் குடம் குடமாகச் சுத்திகரித்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் படுத்திருப்பது, சாபம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார் டாக்டர். அம்மா உடனே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்னுத எடுத்துக்குங்க" என்றாள். மறுக்க அவள் வயதே அவருக்குப் போதுமாக இருந்தது, ஆனாலும் அவள் விடாததால் பரிசோதித்தார்கள். அம்மாவுக்கும் புரதம் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா கடைசிக் காலத்தில் முகமும் காலும் வீங்கித்தான் இறந்தார். மாரடைப்பு என்று புதைத்துவிட்டோம். அவருக்கு என்ன இருந்ததென்று கேட்க இனி யாரிடம் போவது?

மிச்சம் இருந்தது அக்கா. அக்காவிடம் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு மனை உண்டு. அக்கா கல்யாணத்தில் அது அவளுக்கு என்று அப்பா நாலு பேர் முன்னால் சொன்னார், எழுதிக்கொடுக்கவில்லை. கிணறு போட நீரோட்டம் பார்க்க வந்தவரின் உள்ளங்கைத் தேங்காய் அந்த மனையில்தான் நிமிர்ந்து நின்றது. அப்பா அங்கேயே போட்டார். கிறிஸ்துமஸுக்கு வந்த அக்கா குழாயைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, இது எனக்குன்னு சொன்ன மனைதானே?"

"தண்ணி அங்கதானே இருக்கு, நான் என்னம்மா பண்றது? கல்யாணம் வேணாம்னு நிக்கிறாளே, இவளுக்கும் ஒரு புடிமானம் வேணும்ல?" என்று அப்பா என்னைக் காட்டினார்.

அம்மா அக்கா கையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்த்தாள். அக்கா அதை வாசலில் கவிழ்த்தாள். "இனிமே இந்த வீட்டுப் பச்சத் தண்ணி என் பல்லுல படாது" என்றாள்.

இதை எல்லா வீட்டிலும் எல்லாச் சண்டையிலும் சொல்வார்கள். அடுத்த பொங்கலுக்கு வந்து காபி குடிப்பார்கள். அக்கா குடிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் குடிக்கவில்லை. வருவாள், போவாள், மாதா திருவிழாவுக்குத் தங்குவாள்கூட. பையில் கும்பகோணத்துத் தண்ணீர் இருக்கும். சோறு கட்டிக்கொண்டு வருவாள். அப்பா இறந்த அன்று, அழுது தொண்டை கட்டியவர்களுக்கெல்லாம் எங்கள் கிணற்றுத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள், தான் மட்டும் தன் பாட்டிலைத் திறந்து குடித்தாள். ஊர் காறித் துப்பியது. நானும்தான் திட்டினேன், கல் நெஞ்சுக்காரி என்று.

நான் கேட்காவிட்டாலும் அம்மா போன் செய்துவிட்டாள். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கடகடவென்று குடித்தாள். அன்றைய என் அளவுத் தண்ணீர் காலையிலேயே தீர்ந்திருந்தது. அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

"எனக்கு என்னென்ன டெஸ்ட்டோ எடுக்கச் சொல்லு" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். ஒனக்குப் புள்ளைங்க இருக்கு. நீ ஒன் வேலையப் பாரு."

"வாய மூடுடி. செத்தாலும் இந்த வாய் அடங்காது ஒனக்கு."

"அத்தான் என்ன சொன்னாரு?"

"அவரு என்ன சொல்லுவாரு? நான் சொன்னதுக்கு அப்புறம் அவரு எதச் சொல்லியிருக்காரு?"

சோதனைகள் எல்லாம் பொருந்தின. ரத்த வகை ஒன்று. அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதில்லாமல் இருந்தன. டாக்டர் ஆச்சரியமாக, "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வளந்தவங்கதானே?" என்று கேட்டார்.

"அந்தக் கெணறு போட்டதுலேர்ந்து நான் அங்க தண்ணி குடிக்கிறதில்ல டாக்டர்" என்றாள் அக்கா.

"முன்னாடியே சந்தேகம் இருந்துச்சா?"

"இல்லீங்க. கோவம் இருந்துச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இதுவும் ஆதாரம் ஆகாது என்றார் அவர். ஒருத்தி குடித்ததும் ஒருத்தி குடிக்காததும் ஆராய்ச்சி இல்லையாம். சரி, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்பா மேல் அக்காவுக்கு வந்த கோபம் எனக்கும் வந்திருந்தால் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு ஏன் வரும்? மனை என் பங்கில்தானே இருந்தது.

உறுப்பு தானம் செய்பவர் கூடப்பிறந்தவளே ஆனாலும் மருத்துவமனையில் ஒரு குழு கூப்பிட்டு விசாரிக்கும். யாராவது மிரட்டினார்களா, விலைக்குக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. அது நல்ல சட்டம். அக்கா, அத்தான், நான், அம்மா எல்லோரும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். நடுவில் இருந்த அம்மையார் அக்காவிடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "இதுக்குப் பதிலா பணமோ சொத்தோ ஏதாவது தர்றதா சொல்லியிருக்காங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றாள் அக்கா.

"இருக்குங்கம்மா!" என்றாள் அம்மா.

அம்மா எழுந்து கும்பிட்டாள். "அந்த மனைய இவ பேருக்கே எழுதிடறேங்கம்மா. இவ அப்பா எழுதாமப் போய்ட்டாரு. ஆபரேஷனுக்கு முன்னாடியே எழுதிடறேன். சாமியார்கிட்டகூடச் சொல்லிட்டேன்."

கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை இங்கேயும் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருக்கிறாள் கிழவி. நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "அய்யோ, உக்காரும்மா" என்று அக்கா பல்லைக் கடித்தாள். அந்த அம்மையார் பேனாவை மூடினார். இனிப் புதிதாக விசாரிக்க வேண்டும் என்றார். என் ஆபரேஷன் தள்ளிப்போனது. அந்த வாரங்களில் எனக்கு நுரையீரலில் நீர் கோத்து ஒருமுறை மூச்சு நின்று திரும்பியது. நான் சாகாமல் இருந்தது தற்செயல்தான்.

இரண்டாவது முறை அழைத்தபோது, அந்த மனையையோ வேறெதையோ இதற்காக வாங்கவில்லை, வாங்கப்போவதும் இல்லை என்று அக்காவிடம் உறுதிமொழி கேட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் எந்த மனைக்காகத் தாய்வீட்டில் நாக்கை நனைக்காமல் இருந்தாளோ, அது தனக்கு வேண்டாம் என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும், "நான் பிற்பாடு எப்படியாவது ஒனக்கே எழுதறேங்க்கா" என்றேன்.

"அந்த விஷக் கெணத்த வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?" என்றாள். பிறகு, "எனக்கு மனை வேணும்னு யாரு சொன்னா? அப்பா ஒரு வார்த்தை, தப்புப் பண்ணிட்டேன் ஜெயான்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவள் கண் கலங்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆபரேஷன் நடந்தது. பழைய சிறுநீரகங்களை எடுக்க மாட்டார்கள், சுருங்கி அங்கேயே கிடக்கும். புதியதை அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்துத் தைப்பார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது படுக்கையோரம் தொங்கிய பையில் சிறுநீர் நிறைந்துகொண்டிருந்தது. நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, ஆபரேஷன் மேசையிலேயே வேலைய ஆரம்பிச்சிருச்சு" என்றாள். மாதக்கணக்கில் நாலு சொட்டுக்குத் தவித்தவள் நான். வெட்கமில்லாமல் அழுதேன். அக்கா அடுத்த வார்டில் வலியில் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்ததாக அத்தான் வந்து சொன்னார். சிரித்ததில் தையல் வலித்தது.

இப்போது எனக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உத்தரவு. நிறைய. சுத்திகரிக்கும் இயந்திரம் (அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி உலோகங்களையும் பிரிப்பது) வாங்கிச் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும். தோல் வழியாக அது உள்ளே போவதில்லை என்று டாக்டர் சொன்னதால் கொல்லைக் குழாயை மூடவில்லை. முன்பெல்லாம் எனக்குக் காலம் என்பது கல்வியாண்டு. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரைதான் எனக்கு ஒரு வருஷம். உடம்பு ஏற்க மறுக்காதிருக்க விழுங்கும் மாத்திரை வேளை தவறினால், பயத்தில் எதுவும் காதில் ஏறாது, எதிரில் பேசுகிறவர் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். வலப்பக்க அடிவயிற்றைத் தொட்டால் மேடாகத் தட்டுப்படும். என்னைவிட நான்கு வயது மூத்த ஒன்று எனக்குள் இருக்கிறது. சில சமயம் அதற்கு மரியாதை கொடுத்து மெதுவாகக் குனிகிறேன்.

சென்ற மாதம் என் பரிசோதனைக்குப் போனபோது அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "நல்ல தண்ணிதானே குடிக்கிறாங்க?" என்றார் டாக்டர். ஆமாம் என்றேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து போட்டு உலுக்கினேன். அம்மா கொல்லைக் குழாயில்தான் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்த நாளிலிருந்து.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று அலறினேன்.

"எட்டுல ஒண்ணா சுண்டவச்சு என் கையாலேயே ஒனக்குக் குடுத்தேனேடி. நான் மட்டும் நல்ல தண்ணி குடிச்சா அடுக்குமா?" என்றாள். தவக்காலத்தில் கறி மீன் தொடாமல் தன்னை ஒறுப்பவள் பேசுகிற மாதிரி, நிதானமாக.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பிறகு அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அப்பா சாவில் கண்ணீர் விடாதவள், கையெழுத்துப் போட்ட அன்று கலங்காதவள், ஓவென்று அழுதாள்.

"ஒனக்குக் குடுத்துட்டேனேடி. இப்ப அம்மாவுக்கு நான் எதைடி குடுப்பேன்?"

அந்த வயதில் அம்மாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்கவே மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித் தேற்றினேன். அழாதேக்கா, டயாலிசிஸ் இருக்கிறது, மருந்து இருக்கிறது என்றேன். வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. மனசுக்குள் வேறொன்று ஓடியது. அதையும் எழுதிவிடுகிறேன், இந்த இடத்தில் இருக்கிற வேறு யாருக்காவது அது ஓடினால் தான் மட்டும்தான் பாவி என்று நினைக்காமல் இருக்கட்டும்.

நல்லவேளை, எனக்கு முதலில் வந்தது என்று நினைத்தேன். அம்மா அடுப்படியில் என் மாத்திரைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். அக்காவின் சிறுநீரகம் என் வயிற்றில் அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.